தளவாய் என்ற பெயர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். வேலை பெங்களூரில். அடுத்த மாதம் எங்களுக்கு முதல் குழந்தை. ஆண் பிள்ளையாக இருந்தால் என் தாத்தாவின் பெயரான ‘தளவாய்’ என்பதையே வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கூச்சம்தான். பள்ளிக்கூடத்தில் ‘தளவாடம்’ என்று கேலி செய்ய மாட்டார்களா? தேடிப் பார்த்ததில் படைத்தலைவர் என்று பொருள் போட்டிருக்கிறது. அப்படியானால் இன்றைய ராணுவத்தில் அது எந்தப் பதவி? மேஜர் ஜெனரலா, லெப்டினன்ட் ஜெனரலா, ஃபீல்ட் மார்ஷலா? கட்டபொம்மனின் தானாபதி என்பதும் இதுதானா? ‘ஜெனரல்’ என்று சொன்னாலாவது மனைவி சம்மதிப்பாள் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், பெங்களூர்

அன்புள்ள தம்பி,

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். இந்த மாதத்தில் பெயருக்காக உங்கள் மனைவியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் நன்றாகத் தூங்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் என் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பெயரும் தளவாய். அதனால்தான் அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

தானாபதி வேறு. பாளையக்காரருக்காகப் பேசவும் காரியம் பார்க்கவும் இருந்தவர் அவர். அதை விடுங்கள். கேலிக்குப் பயந்தால் எந்தப் பெயரும் வைக்க முடியாது. அதையும் விடுங்கள்.

ஆனால் இந்த ‘ஜெனரலா, ஃபீல்ட் மார்ஷலா’ என்ற கேள்வியை மட்டும் விட முடியவில்லை. கோபம் வருகிறது. தாத்தாவின் பெயருக்கு இங்கிலீஷ் பட்டம் ஒன்றைச் சூட்டினால்தான் அதற்கு மதிப்பா? சரி, கேட்டுவிட்டீர்கள். இன்றைய ஜெனரலின் கீழ் இருக்கிற ஒவ்வொரு சிப்பாய்க்கும் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வருகிறது. ஜெனரல் வரி வசூலிப்பதில்லை, கோயில் கட்டுவதில்லை. தளவாய் இதையெல்லாம் செய்தார். மதுரையில் விசுவநாத நாயக்கரிடம் தளவாயாக இருந்த அரியநாத முதலியார்தான் அந்த நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்த ஏற்பாட்டில் முன்னின்றவர். பாளையக்காரர் தன் வருமானத்தில் ஒரு பங்கை மதுரைக்குக் கட்டுவார், ஒரு பங்கில் படை வைத்திருப்பார். தளவாயிடமிருந்து ஓலை வந்தால் அந்தப் படையோடு போய் நிற்க வேண்டும். எழுபத்திரண்டு பேருடைய ஆட்களைக் கூப்பிட்டுச் சேர்க்கிற அதிகாரம் அது. தோளில் நட்சத்திரம் எண்ணி அதை அளக்க முடியாது. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபமும் அரியநாதர் கட்டியதுதான். வாசலில் குதிரைமேல் இருப்பவரை அவர் என்று காட்டுவார்கள். குழந்தை பிறந்தபின் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

திருவிதாங்கூரில் தளவாய் என்றால் ராஜாவுக்கு அடுத்த ஆள். மார்த்தாண்ட வர்மாவிடம் 1737 முதல் 1756-ல் சாகும்வரை தளவாயாக இருந்த ராமய்யனின் பூர்வீகம் எது தெரியுமா? வள்ளியூர் பக்கத்து ஏர்வாடி. உங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். நீங்கள் இப்போது சம்பளம் வாங்குகிற நாட்டிலும் இதே கதைதான். மைசூர் உடையார்களைப் பேருக்கு அரியணையில் உட்காரவைத்துவிட்டு ஆட்சியை நடத்தியவர்கள் தளவாய்கள். ஹைதர் அலி தலையெடுத்த பிறகுதான் அவர்கள் கை தாழ்ந்தது. ஆபீசில் ஒரு கன்னடக்காரரிடம் ‘தளவாயி’ என்று சொல்லிப் பாருங்கள். நெல்லைக்காரரான உங்களுக்குத்தான் கூச்சம்.

இனி சித்தப்பா. அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்து நாயக் ஆகி ஓய்வு பெற்றவர். நாயக் என்றால் சட்டைக் கையில் இரண்டு பட்டி. ஏழாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் நாயக்கர் காலத்துப் பாடம் நடத்தினார். நாயக்கர்தான் ராஜா, தளவாய் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. லீவில் வந்திருந்த சித்தப்பாவிடம் ஓடிப்போய், “சித்தப்பா, நீங்க நாயக்கா, தளவாயா? ராஜாவா, ராஜாகிட்ட வேல பாக்கவரா?” என்று கேட்டேன். அவர் சட்டையை எடுத்துக் காட்டினார். “ரெண்டு பட்டிடே. அவ்ளோதான்” என்றார்.

அன்றிலிருந்து இது என் மனதில் இருக்கிறது. மதுரையை ஆண்டவர்களின் பட்டம் இன்று ராணுவத்தில் லான்ஸ் நாயக்குக்கு மேலே, ஹவில்தாருக்குக் கீழே நிற்கிறது. மொகலாயர் காலத்தில் ஒரு மாகாணத்தையே ஆண்டவர் சுபேதார். இன்றைக்கு சுபேதார், லெப்டினன்ட்டாகப் புதிதாக வருகிற பையனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். வெள்ளைக்காரன் சிப்பாய்ப் படை சேர்த்தபோது நம் பெரிய பட்டங்களை எடுத்து, தன் அதிகாரிகளுக்குக் கீழே அடுக்கி வைத்தான். தளவாயை மட்டும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்தச் சொல் பட்டாளத்தின் ஏணியில் இறங்காமல் நம் பக்கமே தங்கிவிட்டது. ராஜபாளையம் பக்கம் தளவாய்புரம் என்று ஊரானது. சுடலை கோயிலில் தளவாய் மாடன் என்ற காவல் தெய்வத்தின் பீடமானது. பிள்ளைகளுக்குப் பேரானது.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு சித்தப்பா எப்படியாவது லீவு வாங்கி வந்துவிடுவார். மாடன் பீடத்துக்கு முன்னால் கைகூப்பாமல் அட்டென்ஷனில் நிற்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு வருஷம் சாமியாடி அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “எம் பேர வச்சிருக்க புள்ளைல்லா நீ” என்றார். வில்லுப்பாட்டுக்காரர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். சித்தப்பாவின் தாடை நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெட்டியில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘நாயக் தளவாய்’. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார, ஒருவர் நின்று பேசிய இரண்டு பட்டங்கள் ஒரே வரியில்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெயர் வைப்பது நீங்களும் உங்கள் மனைவியும் முடிவு செய்ய வேண்டியது. இந்தப் பதிலைக் காட்டி அவரை மடக்காதீர்கள். முதலில் அப்பாவைக் கூப்பிட்டு, தாத்தாவுக்கு இந்தப் பேரை யார் வைத்தார்கள், எந்தப் பீடத்தில் நேர்ந்துகொண்டு வைத்தார்கள் என்று கேளுங்கள். அதை உங்கள் மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். எந்த ஊர்ப் பீடம் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.