லேப் தேர்வில் என்ன வரும் என்று ஊகிக்க வேண்டாம்

தம்பி, சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஐஇ என்டர்பிரைஸின் லேப் தேர்வில், அதாவது செய்முறைத் தேர்வில், எந்தத் தலைப்புகள் கட்டாயம் வரும், எவற்றை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பட்டியலை நான் தரப்போவதில்லை. தேர்வுக் கட்டணமே 1,600 டாலர், ரூபாயில் ஒரு லட்சத்தைத் தாண்டும். பெங்களூரு போய்த் தங்கிவரும் செலவு தனி. வீட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தை ஊகத்தை நம்பி இறக்க வேண்டாம்.

சிஸ்கோ தன் பாடத்திட்டத்தை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. நெட்வொர்க் அடித்தளத்துக்கு 30 சதவீதம், மென்பொருள்வழி நெட்வொர்க்குக்கு 25. போக்குவரத்துத் தொழில்நுட்பங்கள், பாதுகாப்பும் சேவைகளும், ஆட்டோமேஷன் ஆகிய மூன்றுக்கும் தலா 15. எட்டு மணி நேரத் தேர்வில் முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கு உரியது. அதில் கருவிகளைத் தொட முடியாது. ஆவணங்களையும் வரைபடங்களையும் படித்து முடிவெடுக்க வேண்டும். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் மீண்டும் அதற்குத் திரும்ப முடியாது. மீதி ஐந்து மணி நேரமும் கருவிகளில் நேரடி வேலை.

பாடத்திட்டம் கையில் இருந்தும் தேர்வு ஏன் திகைக்க வைக்கிறது? பெரும்பாலும் புதிய தலைப்பு வருவதால் அல்ல. தனித்தனியாகப் படித்த இரண்டு பழைய தலைப்புகள் ஒரே இடத்தில் மோதிக்கொள்வதால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி தருவது டிஹெச்சிபி. அந்தக் கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் உள்ள சர்வருக்குக் கடத்தும் டிஹெச்சிபி ரிலே உங்களுக்குத் தெரியும். போலி சர்வர்களைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கும் தெரியும். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் லேபில் செய்து முடித்திருப்பீர்கள். இப்போது ஒரு ஸ்விட்சில் ஸ்னூப்பிங்கை இயக்குகிறீர்கள். மேலே போகும் போர்ட்டை நம்பகமானது என்று அறிவித்தும் விடுகிறீர்கள். எல்லாம் சரிதான், ஆனால் கணினிக்கு ஐபி முகவரி வரவில்லை. காரணம், ஸ்னூப்பிங் இயங்கும் சிஸ்கோ ஸ்விட்ச் கோரிக்கைக்குள் அது எந்தப் போர்ட்டில் வந்தது என்று சொல்லும் ஆப்ஷன் 82 என்ற தகவலைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. ரிலே முகவரி பூஜ்யமாக இருக்க, ஆப்ஷன் 82 மட்டும் உள்ளே இருப்பதைப் பார்க்கும் மேல்நிலை ரூட்டர் அந்தப் பாக்கெட்டை நம்பாமல் தூக்கி எறிகிறது. ஸ்விட்சில் அந்தச் சேர்ப்பை நிறுத்தலாம், அல்லது ரூட்டரிடம் அதை நம்பச் சொல்லலாம். கேள்வித்தாள் ஒரு வழியைத் தடை செய்திருந்தால் மற்றொன்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பாடங்களிலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடியவர் இங்கே ஒரு மணி நேரத்தை இழக்க முடியும்.

இதே வகையில் இன்னும் நிறைய உண்டு. ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் நெறிமுறை பக்கத்து ரூட்டருடன் எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையில் சிக்கி நின்றால், எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பொருந்தாமல் இருக்கலாம். ரூட்டரின் மூளையான கன்ட்ரோல் பிளேனின் பாதுகாப்புக்காக எழுதிய கொள்கையே ரூட்டிங் பாக்கெட்டுகளை அடித்துப்போடலாம். இரண்டு ரூட்டர்களில் இஐஜிஆர்பி என்ற இன்னொரு ரூட்டிங் நெறிமுறையையும் ஓஎஸ்பிஎஃபையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தால், 170 என்ற முன்னுரிமை எண் உள்ள இஐஜிஆர்பி வெளிவழி 110 உள்ள ஓஎஸ்பிஎஃப் வழியிடம் தோற்று (குறைந்த எண்ணே வெல்லும்), போக்குவரத்து சுற்றிச் சுற்றி வரலாம்.

அதனால் பயிற்சியை மாற்றுங்கள். ஒரு தலைப்பை முடித்ததும் லேபை அழித்துவிடாமல், அதன் மேலேயே அடுத்ததைக் கட்டுங்கள். கருவியின் நிலையைக் காட்டும் ஒவ்வொரு ஷோ கட்டளைக்கும் முன்னால், திரையில் என்ன தெரியும் என்று காகிதத்தில் எழுதுங்கள். எழுதியதும் தெரிந்ததும் மாறுபடும் இடத்தில்தான் உங்கள் உண்மையான பாடம் இருக்கிறது. அங்கே தாராளமாக நேரம் செலவிடுங்கள். உடன் படிக்கும் நண்பர் இருந்தால், நீங்கள் இல்லாதபோது லேபில் இரண்டு இடங்களில் கோளாறு செய்து வைக்கச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை, பாடத்திட்டத்தில் நீங்கள் தொடாத ஓர் அம்சத்தை எடுத்து, அரை மணி நேரக் கெடுவில் சிஸ்கோ ஆவணத்தை மட்டும் வைத்து இயக்கிப் பாருங்கள். வீடியோ வேண்டாம், கூகுள் வேண்டாம். தேர்வு அறைக்கு நீங்கள் புத்தகமோ குறிப்போ கொண்டுபோக முடியாது. அங்கே தரப்படும் ஆவணங்களோடுதான் சமாளிக்க வேண்டும். எந்தக் கையேட்டில் எது இருக்கும் என்ற பழக்கம் முன்பே வந்திருக்க வேண்டும். தெரியாததைக் கண்டு கை நடுங்காமல் இருப்பது பயிற்சியால் வரும் திறமைதான். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் தெரியாததற்கு நேரம் ஒதுக்க வேண்டுமென்றால், தெரிந்தது மளமளவென்று முடிய வேண்டும். டிரங்க், ஸ்பானிங் ட்ரீ போன்ற ஸ்விட்ச் அடிப்படைகளுக்கும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற ரூட்டிங் அடிப்படைகளுக்கும் யோசிக்கவே கூடாது. நோட்பேடில் எழுதி ஒட்டும் வேகம் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

மென்பொருள்வழி நெட்வொர்க்கில் வரும் எஸ்டி-ஆக்சஸ் (அலுவலக வளாகத்துக்கு), எஸ்டி-வான் (கிளைகளை இணைக்க) பகுதியைப் பலர் வசதி இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கால் பங்கு மதிப்பெண்ணை அப்படி விட முடியாது. எஸ்டி-வானை மெய்நிகர் கருவிகளில் கட்டிப் பார்க்கலாம். மற்றதற்கு சிஸ்கோவின் இணையவழிப் பயிற்சிக் களமான டெவ்நெட் சாண்ட்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

உண்மையான வினாத்தாள் என்று சொல்லி விற்கப்படுவதை வாங்காதீர்கள். அது தேர்வின் ரகசிய ஒப்பந்தத்துக்கு எதிரானது, சான்றிதழையே பறிகொடுக்க நேரலாம். மனப்பாடம் செய்தவர் கேள்வியில் ஒரே ஒரு நிபந்தனை மாறினாலும் நின்றுவிடுவார். நேர்முகத்தில் அது பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். லேபுக்கு முன் எழுத வேண்டிய என்கோர் எழுத்துத் தேர்வில் தேறிய நாளிலிருந்து லேபுக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அலுவலகத்தில் நெட்வொர்க்கில் இரவில் செய்யும் மாற்றப் பணிகளையும் கோளாறு அழைப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எதிர்பாராத மோதல்கள் அங்கேதான் தினமும் நடக்கின்றன. இரண்டு முழு எட்டு மணி நேர மாதிரித் தேர்வுகளை நேரத்துக்குள் முடித்த பிறகு தேதியைப் பதிவு செய்யுங்கள். அதுவரை அப்பாவிடம் பணம் கேட்க வேண்டாம்.