உப்புக்காற்றில் வீட்டு மராமத்து: கேட்டீர்கள், சொல்கிறேன்

ராமநாதபுரம் கடலோரத்தில் ரொம்ப வருடம் கட்டட சூப்பர்வைசராக இருந்தவன் நான். மராமத்துக்கு ஆள் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: காக்கா, நான் துபாயில் இருக்கிறேன். கீழக்கரையில் உம்மா இருக்கிற வீட்டை மராமத்து பார்க்கணும். மூன்று பேர் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார்கள். யாரை நம்புவது?

தம்பி, ஐந்து வருடத்துக்கு முன்னால் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வீடு யார் கட்டினாலும் பளபளவென்றுதான் இருக்கும். மச்சான் யாரையாவது அனுப்பி, சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி ஓரம், ஜன்னல் கிரில் சுவரில் பதிகிற இடம் மூன்றையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கம்பி ஓடுகிற வாக்கிலேயே விரிசல் ஓடினால் உள்ளே துரு ஊதிவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசட்டும்; பணம் வாங்கிய பிறகு போனை எடுத்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், கொட்டேஷனில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவர் லேபர் மட்டும் போட்டிருப்பார், இன்னொருவர் மெட்டீரியலோடு போட்டிருப்பார். சாரம் யார் கணக்கு, இடிசல் அள்ளுவது யார் என்பதையும் எழுதி வாங்குங்கள். சண்டை வருவதே அங்கேதான்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் வீடு அண்ணே. தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒரு மேஸ்திரி மேலே பூசினால் போதும் என்கிறார், இன்னொருவர் உடைக்கணும் என்று இரண்டு மடங்கு கேட்கிறார்.

உடைக்கச் சொல்கிறவர் பக்கம்தான் நான். துருவின் மேல் பூசினால் ஓரிரு மழையில் மறுபடி கொட்டும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைத் தேய்த்து, இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பிறகுதான் காரை. நிறைய இடத்தில் பெயர்ந்திருந்தால் மேஸ்திரி போதாது, இன்ஜினியர் பார்க்கணும்.

புது கான்கிரீட் போடுவதாக இருந்தால் "கவர் எவ்வளவு விடுவீங்க?" என்று கேளுங்கள். கவர் என்றால் கம்பியை மூடி வெளியே நிற்கிற கான்கிரீட்டின் கனம். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தர விதி சொல்வது 45 மி.மீ.; கடல் நீர் தெறிக்கிற இடம் என்றால் 50. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கட்டை, அதாவது கவர் பிளாக், இல்லாமல் ஜல்லியை முட்டுக் கொடுக்கிறவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குகிற தண்ணீரில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற குளோரைடு, அதாவது உப்பில் இருக்கிற சத்து, லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். என் வீட்டுக்கே ஒருவர், நான் இல்லாத நாளில், உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சன்ஷேடு போட்டுவிட்டுப் போனார். சூப்பர்வைசர் வீட்டு சன்ஷேடு, ஊரே சிரித்தது.

கேள்வி: ஏர்வாடியிலிருந்து. பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

வேண்டாம். பத்தில் ஒரு பங்கு கொடுங்கள். மெட்டீரியலை நீங்களே கடையில் வாங்கிப் போடுங்கள். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசியாகக் கொஞ்சம் ஒரு மழை பார்க்கும் வரை கையில் இருக்கட்டும்.

கேள்வி: தேவிபட்டினம். பெயிண்டர் ஜன்னலையும் சதுர அடியில் சேர்த்து அளக்கிறார். சரியா?

ஜன்னலைக் கழிப்பதா சேர்ப்பதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தூரிகை தொடுவதற்கு முன்னால் பேசியிருக்கணும். இப்போது ஜன்னல் கணக்கில் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து முடியுங்கள். மொட்டைமாடி வேலை இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளைப் பிடியுங்கள். மழை பிடித்த பிறகு நல்ல ஆள் யாரும் சும்மா இருக்க மாட்டார்.

கேள்வி: தொண்டி அண்ணே. மேஸ்திரி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. தப்பாகச் செய்தாலும் வாயைத் திறக்க முடியவில்லை.

இது சிமெண்டை விடக் கஷ்டமான கேள்வி தங்கச்சி. ஒரு நோட்டுப் போடுங்கள். அன்றன்றைக்கு வந்த கொத்தனார், சித்தாள் எத்தனை பேர், இறங்கிய மூட்டை எத்தனை, தண்ணீர் ஊற்றினார்களா இல்லையா, எல்லாம் அதில். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது "மாமா, இதை ஒரு தடவை பார்த்துடுங்க" என்று நீட்டுங்கள். பேச வேண்டியதை நோட்டு பேசும், முறையும் கெடாது.