சன்னல் திண்டில் இரண்டு போன்

செங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. எந்தப் போனை வாங்குவது, இரண்டு போனில் எதை வைத்துக்கொள்வது என்று முழிக்கிறவர்கள் கேட்டதற்கு என் பதில்கள் இவை. கேட்பதற்கு முன்னால் ஒன்று: பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பில்லில் ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள நம்பர், அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணாச்சி, ஊர் புளியரை. ஆஃபரில் ஒரு போன் எடுத்தேன். அதே வாரம் மச்சான் கொச்சியிலிருந்து இன்னொன்று வாங்கி வந்துவிட்டார். ஒன்றை நான் வைத்துக்கொண்டு மற்றதைத் தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றில் 108 மெகாபிக்சல், இன்னொன்றில் 50. 108-ஐ வைத்துக்கொள்ளவா?

அந்த நம்பரை மறந்துவிடுங்கள். 108 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கும். 50 உள்ளது நான்கைச் சேர்த்து பன்னிரண்டரை கொடுக்கும். பகலில் எடுத்தால் வித்தியாசம் தேடித்தான் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ட்யூப் லைட் வெளிச்சத்தில், ஓடுகிற பிள்ளையை இரண்டிலும் எடுங்கள். எதில் முகம் கலங்காமல் இருக்கிறதோ அதுதான் நல்ல கேமரா.

ஆனால் புளியரைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது கேமரா இல்லை, சிக்னல். மலை ஒரு பக்கம், கேரளா டவர் ஒரு பக்கம். வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதே கேரளாவுக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வரும் ஊர் உங்களுடையது. போன் இரண்டு டவருக்கும் நடுவில் அலைந்தே சார்ஜைத் தின்றுவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள். சிம்மை முதல் போனில் போட்டு, வழக்கமாக எங்கே நின்று பேசுவீர்களோ அங்கே சன்னல் திண்டில் வையுங்கள். செட்டிங்ஸில் அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ். சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று மைனஸில் ஒரு நம்பர் இருக்கும், பக்கத்தில் டிபிஎம் என்று சிக்னலை அளக்கும் அலகு. மைனஸுக்கு அடுத்த நம்பர் சின்னதாக இருந்தால் சிக்னல் நல்லது. மைனஸ் 90-க்குள் இருந்தால் சுகம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு விட்டு விட்டு வரும். அப்புறம் அதே சிம்மைக் கழற்றி அடுத்த போனில் போட்டு, அதே திண்டில், அதே மூலையில் வைத்துப் பாருங்கள். நம்பரை எழுதி அனுப்புங்கள்.

15,000 ரூபாய்க்குள் எது பெஸ்ட்?

எதற்கு? பாட்டு கேட்கவா, பைக் ஓட்டி சோறு டெலிவரி பண்ணவா, பிள்ளை பாடம் படிக்கவா? அதைச் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது.

கொட்டாரக்கரையில் வாங்கினால் வரி குறைவு என்கிறார்களே?

2020 ஏப்ரலிலிருந்து போனுக்கு நாடு முழுக்க 18 சதவீதம் ஜிஎஸ்டி. கேரளாவில் வெள்ளத்துக்காக ஒரு சதவீதம் கூடுதலாகவே வாங்கினார்கள், அதுவும் 2021 ஜூலையோடு முடிந்துவிட்டது. அங்கே ஓணம் ஆஃபர், இங்கே தீபாவளி ஆஃபர், வித்தியாசம் அவ்வளவுதான். எங்கே வாங்கினாலும் பில் வேண்டும்.

அத்தான் சவூதியிலிருந்து ஐபோன் 17 கொண்டு வருகிறார். அதில் சிம் போடுகிற இடமே இல்லையாமே?

ஆமாம். வளைகுடா நாடுகள் பலவற்றில் அந்த மாடல் இசிம் மட்டும்தான், அதாவது போனுக்குள்ளேயே இருக்கும், கழற்ற முடியாத சிம். சவூதி, யுஏஇ, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாம் இதில் சேர்த்தி. இந்தியாவில் விற்பதில் ஒரு சிம் இடம் உண்டு. இங்கே வந்து இசிம்மாக மாற்றிக்கொள்ளலாம், பயம் வேண்டாம். ஆனால் திரை உடைந்து என் பெஞ்சுக்கு வரும் அன்றைக்கு, சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுச் சமாளிக்க முடியாது. அதற்குச் சம்மதம் என்றால் சரி.

ஆரியங்காவு பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறேன். மழைதான் எப்போதும். தண்ணீர், தூசி தாங்கும் என்று ஐபி68 போட்டிருந்தால் நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்தச் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், புதுப் போனில், நல்ல தண்ணீரில். ஒரு தடவை கீழே விழுந்து ஓரம் பிரிந்தால் அந்த ஐபி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்தால் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. என் பெஞ்சுக்கு வரும் நனைந்த போன்களில் பாதியை மழை கெடுக்கவில்லை, ஈரத்தோடு சார்ஜ் போட்டதுதான் கெடுத்தது. சார்ஜிங் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்காமல் விட்ட மாதிரி. நனைந்தால் துடைத்து, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி ஃபேன் காற்றில் நிறுத்தி வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூள் ஓட்டைக்குள் போய், அதையும் நான்தான் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது.

8 ஜிபி ராமோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்து 16 என்கிறார்களே?

இரண்டாவது எட்டு ராம் இல்லை. ஸ்டோரேஜில் கொஞ்சம் இடம் ஒதுக்கி அதற்கு ராம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கில் சேர்க்காதீர்கள்.

15,000-க்குள் நல்ல போன் சொல்லுங்க அண்ணாச்சி.

மேலே பாருங்கள்.

புளியரைதான். பார்த்துவிட்டேன். ஒன்றில் மைனஸ் 97, மச்சான் கொடுத்ததில் மைனஸ் 109. அப்போது முதல் போன்தானே?

பன்னிரண்டு வித்தியாசம் சின்னது இல்லை. மூன்று குறைந்தாலே சக்தி பாதி. பன்னிரண்டு என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஒரே ஊரில், ஒரே திண்டில் இவ்வளவு இறங்குவது எனக்கு நம்பும்படி இல்லை. திரும்பப் பாருங்கள்.

நான் தென்மலை. சேட்டா, இந்த டிபிஎம் கணக்கெல்லாம் எதற்கு? மேலே கோடு எத்தனை என்று பார்த்தால் போதாதா? கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?

கோட்டை நம்பினால் கெட்டீர்கள். எந்த நம்பருக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. 2010-இல் ஐபோன் 4 கையில் பிடித்தால் சிக்னல் இறங்குகிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. அப்போது கோடு காட்டுகிற கணக்கே தப்பு, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று ஆப்பிளே எழுதி ஒத்துக்கொண்டது. அப்புறம் உறையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

தென்மலைதான் மறுபடியும். அப்படியானால் கையில் பிடித்துத்தானே பார்க்க வேண்டும்? திண்டில் வைத்தா பேசுகிறோம்?

இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். முதலில் திண்டில், பிறகு பேசுகிற மாதிரி கையில் பிடித்து, இரண்டு தடவையும் பாருங்கள். கையில் எடுத்ததும் எந்தப் போன் அதிகம் இறங்குகிறதோ அதற்கு மார்க் குறைத்துவிடலாம். தமிழ்நாட்டு சிம் போட்டிருக்கும்போது கோட்டுக்குப் பக்கத்தில் ரோமிங் ஆர் எழுத்து இருந்தால் கேரளா டவரைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு போன் தமிழ்நாட்டு டவரையும் இன்னொன்று கேரளா டவரையும் பிடித்திருந்தால் ஒப்பிடவே கூடாது.

பழைய போன் ஒன்று விலைக்கு வருகிறது. திருட்டுப் போனா என்று எப்படிப் பார்ப்பது?

*#06# அடித்தால் ஐஎம்இஐ வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM), ஒரு இடைவெளி, அந்தப் பதினைந்து இலக்கம், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பெட்டி, பில் இரண்டிலும் அதே நம்பர் இருக்கிறதா? பெட்டி இல்லை என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இஎம்ஐயில் எடுக்கலாமா?

அதை வீட்டம்மாவிடம் கேளுங்கள்.

15,000-க்குள்...

தம்பி, போதும்.

புளியரை. அண்ணாச்சி, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மச்சான் போனில் போட்டது என் சிம் இல்லை, வீட்டுக்காரி சிம். கம்பெனி வேறு.

நினைத்தேன்! போனையா ஒப்பிட்டீர்கள்? இரண்டு கம்பெனி டவரை ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒரே சிம், ஒரே திண்டு, பத்து நிமிஷத்துக்குள். போய் மறுபடியும் பாருங்கள்.

மறுபடி பார்த்தாச்சு. மைனஸ் 101, மைனஸ் 103. கையில் பிடித்தால் இரண்டும் 106 பக்கம்.

சமம். இரண்டு மூன்று புள்ளி காற்றடித்தாலே மாறும். இனி இரண்டில் எதற்கு அதிக வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருகிறார்கள் என்று பாருங்கள். 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கு ஏழு வருஷம் என்றார்கள். உங்கள் விலையில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது, ஆனால் இரண்டு வருஷத்துக்கும் நான்கு வருஷத்துக்கும் வித்தியாசம் உண்டு. வருஷம் கூடியதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் தங்கச்சி வந்து, நீலக்கலர் நல்லா இருக்கு என்று மச்சான் கொடுத்ததை எடுத்துப் போய்விட்டாள்.

பெட்டியையும் பில்லையும் கொடுத்தனுப்பினீர்களா?