எம்டிஏ அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு இப்போது 22 வாரம். முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி 35ஆம் வாரமே சிசேரியன் செய்துவிட்டார்கள். இந்த முறை முன்னாடியே தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு லேபில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கான (ஆக்சிஜனின் வினையால் உடல் செல்கள் சேதமாகும் நிலை) ரத்தப் பரிசோதனை செய்தேன். எம்டிஏ அதிகம் என்று வந்திருக்கிறது. வைட்டமின் சி, ஈ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பிரஷர் வராமல் இருக்க என்று அந்த மாத்திரைகளைப் போட வேண்டாம், அம்மா. உங்களைப் போல ஆபத்து அதிகமுள்ள சுமார் 2,400 கர்ப்பிணிகளுக்குத் தினம் 1000 மில்லிகிராம் சி, 400 யூனிட் ஈ கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2006இல் வெளியானது. பிரீஎக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், குறையவில்லை. எடை குறைந்த குழந்தைகள்தான் கூடுதலாகப் பிறந்தன. இதற்காக இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2011இல் சொல்லிவிட்டது.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். ரத்தத்திலுள்ள கொழுப்பு ஆக்சிஜனால் சிதையும்போது உண்டாகும் பொருள்தான் எம்டிஏ. பெரும்பாலான இடங்களில் பிளாஸ்மாவுடன் (ரத்தத்தின் திரவப் பகுதி) தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்குவார்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும். 532 நானோமீட்டர் ஒளியில் அதன் அடர்த்தியை அளப்பார்கள். சிக்கலே அந்த நிறம்தான். சர்க்கரை, பிலிருபின் போன்றவையும் அந்த அமிலத்துடன் வினைபுரியும். ஊசி போட்டு ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், வைக்கோல் மஞ்சளில் இருக்க வேண்டிய பிளாஸ்மா முதலிலேயே சிவந்துபோய் வரும், அளவும் தப்பும். நான் பார்த்தவரை பாதிப் பிழை ரத்தம் எடுத்த பிறகுதான் நடக்கிறது. ஊதா மூடி டியூபை உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் சுழற்றிப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் போட வேண்டும். வெளியே கிடந்தால் டியூபுக்குள்ளேயே கொழுப்பு சிதைந்துகொண்டிருக்கும். உங்கள் ரத்தம் எத்தனை மணி நேரம் பயணம் செய்தது என்று லேபில் கேளுங்கள்.

எல்லாம் சரியாக நடந்திருந்தாலும், கர்ப்பத்தில் ரத்தக் கொழுப்பு இயல்பாகவே ஏறும். நஞ்சுக்கொடியும் ஆக்சிஜனை வைத்து மும்முரமாக வேலை செய்யும் உறுப்பு. கர்ப்பமில்லாதவர்களின் நார்மல் அளவோடு ஒப்பிட்டால் நல்ல கர்ப்பமும் அதிகம் என்றுதான் காட்டும். ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு இந்த அளவீடு அருமையானது. தனி ஒருவருக்கு மருந்து முடிவு செய்ய இன்னும் உதவாது.

முதல் பிரசவத்தில் நடந்ததைச் சொல்லி, குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். வழக்கமாக 16 வாரத்துக்குள் ஆரம்பிப்பார்கள். தாமதமானாலும் அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வீட்டில் பிரஷர் பார்த்துக் குறித்து வையுங்கள். யூரினில் புரதம், குழந்தையின் வளர்ச்சி ஸ்கேன் இரண்டையும் தவறவிடாதீர்கள். பின்னால் சந்தேகம் வந்தால் எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் (நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் சேரும் இரண்டு புரதங்கள்) விகிதம் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்தில் பிரீஎக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

பிரஷர் 140/90 தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீர் முகவீக்கம் வந்தாலோ, நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.