'வெரி குட்' என்று எழுதியிருந்தால் நல்ல நிலை என்று பொருளா?

கேள்வி: என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறார், பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். ஓர் ஏலத்துக்கு வரும் வின்செஸ்டர் 1873 ரைஃபிளைப் பார்த்து வைத்துக்கொண்டு பாதிப் பணத்தை என்னைப் போடச் சொல்கிறார். 1889-இல் செய்ததாம். விற்பனைக் குறிப்பில் 'என்ஆர்ஏ ஆன்டிக், வெரி குட்' என்று இருக்கிறது, ஆனால் படத்தில் இரும்பெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது. ஏமாற்றுகிறார்களா? வாங்கிப் பளபளப்பாக்கி விற்றால் லாபம் வருமா? இல்லை, இங்கே கொண்டுவந்து ஹாலில் மாட்டலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: படத்தில் தெரியும் பழுப்பை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்தப் பழுப்புக்கும் 'வெரி குட்' என்ற சொல்லுக்கும் சண்டையே இல்லை. நாம் கேரோசெல் விற்பனைத் தளத்தில் 'லைக் நியூ' பார்த்துப் பழகியவர்கள், அங்கே விற்பவர் மனசுதான் அளவுகோல். பழைய துப்பாக்கியில் அப்படி இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை உண்டு.

அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் (அதுதான் என்ஆர்ஏ) இரண்டு தரவரிசை வைத்திருக்கிறது, நவீனத் துப்பாக்கிக்கு ஒன்று, ஆன்டிக்குக்கு ஒன்று. சொற்கள் பெரும்பாலும் ஒன்றுதான், பொருள் வேறு. நவீன வரிசையில் 'வெரி குட்' என்றால் குறையில்லாமல் இயங்க வேண்டும், துரு கூடாது, சின்னக் கீறல் பரவாயில்லை. ஆன்டிக் வரிசையில் அதே 'வெரி குட்' என்றால் பாகங்கள் எல்லாம் அசல், ஆனால் தொழிற்சாலையில் ஏற்றிய ஃபினிஷ், அதாவது மேல்பூச்சு, 30 சதவீதம் வரை மிஞ்சியிருக்கலாம், கொஞ்சமும் இல்லாமலும் போயிருக்கலாம்! பரப்பு வழவழப்பாக, விளிம்பு கூராக, எழுத்து தெளிவாக இருந்தால் சரி. 30-க்கு மேல் ஃபினிஷ் இருந்தால் அது 'ஃபைன்', 80-ஐத் தாண்டினால் 'எக்ஸலன்ட்', முழுசாக இருந்தால் 'ஃபேக்டரி நியூ'. 'வெரி குட்'டுக்குக் கீழே 'குட்', அதில் சில சின்னப் பாகங்கள் மாற்றியிருக்கலாம், மறுபடி ப்ளூயிங் (இரும்புக்கு ஏற்றும் கருநீல நிறம்) ஏற்றியிருக்கலாம், மரக்கட்டையைத் தேய்த்து மெருகேற்றியிருக்கலாம். அப்புறம் 'ஃபேர்', 'புவர்'. ஆக 'குட்' என்பது ஏழு படியில் மேலிருந்து ஐந்தாவது. பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள் விழுவது இங்கேதான்.

இப்போது பளபளப்பாக்கும் யோசனைக்கு வருவோம். தேசிய சேவை செய்த நம் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. ரைஃபிள் என்றாலே பேரலுக்குள் (குழலுக்குள்) துணியை விட்டு இழு, விரலை வைத்துப் பார், கறுப்பு ஒட்டினால் மறுபடி இழு என்று கை பழகிவிட்டது. சேகரிப்பவர் கணக்கு நேர் எதிர். அசல் ப்ளூயிங் காலப்போக்கில் பழுப்பாவது இயற்கை, அந்தப் பழுப்பைத் தேய்த்து எடுத்தால் போனது போனதுதான். மறுபடி ப்ளூயிங் ஏற்றினால் நீங்களே காசு செலவழித்து அதை ஒரு படி கீழே தள்ளியவர் ஆவீர்கள். சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்த கையோடு பிராசோ போட்டுத் தங்கம் மாதிரி ஆக்கிவிட்டேன், அதைப் பார்த்த பழம்பொருள்காரர் ஒருவர் "யார் இப்படிக் கெடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே பயப்பட வேண்டியது பழுப்பைப் பார்த்து இல்லை, கருநீலமாக ஒரே சீராக மின்னும் பழைய துப்பாக்கியைப் பார்த்து. மச்சானிடம் கிட்டத்தில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பேரல் எட்டுப் பட்டையாக இருந்தால் பட்டையும் பட்டையும் சேரும் கோடு கத்தி மாதிரி நிற்கிறதா, சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். பேரல் மேல் 'கிங்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்ற சொற்களோடு காப்புரிமை வரிகள் இருக்கும், அதன் எழுத்தோரம் கலங்கியிருந்தாலும் அதே கதைதான். ப்ளூயிங்குக்கு அடியில் துரு தின்ற குழிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், துருப்பிடித்த பிறகு ஏற்றிய நிறம் அது. ஸ்க்ரூ தலைக் காடிகள் கிழிந்திருந்தால் பலமுறை கழற்றியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சோதனை கட்டையும் இரும்பும் சேரும் இடம். அசல் கட்டை இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும், தேய்த்த கட்டை இரும்புக்குக் கீழே இறங்கிவிடும், விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். படத்தில் தெரியாது, மச்சான் நேரில்தான் போக வேண்டும்.

அசல்தானா என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் கோடி என்று ஓர் ஊர் (பெயர்தான் கோடி), அங்குள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவில் உள்ளபடி எந்த வகைப் பேரலோடு எப்போது கிடங்கை விட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள். 1873 மாடல் ஏழு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, அதனால் அந்த மாடல் என்பதற்காக மட்டும் விலை ஏறாது, நிலையும் அசலும்தான் விலை. கடிதம் ஒருவிதமாகவும் துப்பாக்கி வேறுவிதமாகவும் இருந்தால் பணம் போடாதீர்கள். சரியாக இருந்தால் பங்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மச்சான் என்றாலும் சரி.

கடைசியாக ஹால் சுவர். 1898 வரை செய்தது அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஆன்டிக், ஆனால் அந்தச் சலுகையை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவர முடியாது. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. பாகம் பாகமாகப் பிரித்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் அவர் சகவாசமே வேண்டாம். பழசு, சுடாது, அலங்காரத்துக்கு என்று நீங்களே முடிவு செய்யாமல், எதையும் அனுப்பச் சொல்வதற்கு முன்னால் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ரைஃபிள் டெக்சாஸிலேயே இருக்கட்டும். சுவருக்கு அந்தக் கோடி கடிதத்தின் நகலைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், வருகிறவர்களிடம் சொல்ல உங்களுக்குக் கதையும் இருக்கும்.