வாசகர் கேள்வி – பதில்: கன்னியாவின் சூடும் எரிமலையின் சூடும்

கேள்வி: திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுகளுக்கு அடியில் உறங்கும் எரிமலை ஒன்று இருப்பதாகச் சுற்றுலா வந்த ஒருவர் சொன்னார். அது உண்மையா? (மாணவி, உவர்மலை)

பதில்: உண்மையன்று. இலங்கையில் உயிருள்ள எரிமலையும் இல்லை, உறங்கும் எரிமலையும் இல்லை. புவியின் மேற்பாறை பல பெருந்தகடுகளாகப் பிரிந்து நகர்கிறது; எரிமலைகள் பெரும்பாலும் அவற்றின் விளிம்புகளில் எழ, நாம் ஒரு தகட்டின் நடுவில் இருக்கிறோம். நம் திருகோணமலை மாவட்டத்தின் அடிப்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியின் ஆழத்தில் வெந்தும் நெருக்குண்டும் உருமாறியவை. அந்தச் சூடு ஆறி எத்தனையோ யுகங்கள் கடந்துவிட்டன.

அப்படியானால் நீர் சுடுவது எதனால்? நிலத்துக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால், எரிமலையே இல்லாத நாட்டிலும், வெப்பநிலை சராசரியாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடும். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தை ஏற்று, வேறொரு வெடிப்பு வழியாக ஆறுவதற்கு முன்பே மேலேறிவிட்டால், அது வெந்நீரூற்றாகிறது. மார்கழி மழைக்காலத்து விடியலில் கன்னியாவுக்குப் போய் ஏழு கிணறுகளிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டவர்களுக்கு, ஒன்றின் சூடு அடுத்ததில் இல்லை என்பது தெரியும். சில அடி தூரத்துக்குள்ளேயே இப்படி வேறுபடுவதற்கு, மேல்மட்டத்துக் குளிர்ந்த நிலத்தடி நீர் ஒவ்வொரு கிணற்றிலும் வெவ்வேறு அளவில் கலப்பதே காரணம் எனக் கொள்ளலாம். எவ்வாறாயினும் கன்னியாவின் நீர் 40 பாகையை ஒட்டியே நிற்கிறது. உருகிய பாறைக் குழம்பான மக்மா அருகில் இருக்கும் ஐஸ்லாந்திலோ ஊற்று நீர் கொதித்துப் பீறிடுகிறது. இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தை ஏழு இடங்களில் குத்தினான் என்ற ஐதீகத்தில்கூட எரிமலை வருவதில்லை என்பதையும் அந்தச் சுற்றுலாப் பயணியிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எல்லா எரிமலைகளும் பூமிக்குள் இருக்கும் ஒரே நெருப்புக் குழம்பைத்தானே கக்குகின்றன? பிறகு யப்பானின் பூஜி மலை கூம்பாக நிமிர்ந்து நிற்க, ஹவாயின் மலைகள் கவிழ்த்த தட்டம்போல் படுத்திருப்பது ஏன்? (ஆசிரியர், மூதூர்)

பதில்: ‘ஒரே குழம்பு’ என்ற எண்ணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பாடநூல்களில் புவியோட்டுக்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பு வர்ணத்தில் தீட்டிவிடுவதால், நாம் ஒரு தீக்கடலின் மேல் மிதக்கிறோம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், புவியோட்டுக்குக் கீழுள்ள படையான மென்மூடி என்பது திண்மப் பாறைதான். அது கடுஞ்சூடாக இருந்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரம் அதனை உருகவிடுவதில்லை. அது உருக வேண்டுமானால், பெரும்பாலும் அந்தப் பாரம் குறைய வேண்டும், அல்லது அதனுள் நீர் புக வேண்டும். இவற்றில் எது நிகழும் என்பதைப் புவித்தகடுகளின் நகர்வே தீர்மானிக்கிறது.

நீர் புகும் வகையை நமக்கு அண்மையிலேயே காணலாம். வங்காள விரிகுடாவின் கிழக்கு விளிம்பில், அந்தமானிலிருந்து சுமாத்திரா, யாவா வரை, நாம் இருக்கும் தகட்டின் கடலடிப் பகுதி கிழக்கே உள்ள தகட்டின் கீழ் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையை அழித்த ஆழிப்பேரலை அந்த எல்லை திடீரென வழுக்கியதால் எழுந்தது. அமிழும் தகடு, தன் கனிமங்களுக்குள் பிணைந்த நீரையும் கூடவே கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தை எட்டும்போது அந்த நீர் பிரிந்து, மேலே உள்ள மென்மூடிக்குள் ஏறி, பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது. வெளியிலிருந்து சூடேற்றாமலே பாறை உருகுமா என்று ஐயுறுவோர், கற்பூரத்தையும் மெந்தோல் கட்டியையும் ஒரு சிறு போத்தலில் இட்டு மூடிக் குலுக்கிப் பார்க்கலாம். தனித்தனியே திண்மமான இரண்டும் சேர்ந்ததும், அடுப்பில் வைக்காமலே நீர்த்துவிடும்.

இவ்வாறு பிறக்கும் மக்மா, தடித்த புவியோட்டைத் துளைத்து மேலேறும் வழியில் சிலிக்கா (மணலில் மிகுதியாக உள்ள பொருள்) மிகுந்து பிசுபிசுப்பாகிவிடுகிறது. அதனுள் நீராவியும் பிற வாயுக்களும் நிறைந்திருக்கின்றன. கஞ்சி கொதிக்கும்போது ஆவி தடையின்றி வெளியேறுகிறது. உளுத்தங்களி கிண்டும்போதோ, அடியில் சிக்கிய ஆவி குமிழியாகத் திரண்டு, ‘புளக்’ என வெடித்துக் கையைச் சுட்டுவிடுகிறது. களி போன்ற மக்மாவும் அவ்வாறே வெடித்துச் சாம்பலை வீசுகிறது. சில வேளைகளில் மெதுவாக வழிந்து அருகிலேயே உறைந்தும் போகிறது. சாம்பலும், வெளியே வழிந்த குழம்பான லாவாவும் மாறிமாறிப் படிந்து செங்குத்தாக உயர்வதால்தான் 3,776 மீற்றர் உயரமான பூஜியும், பிலிப்பைன்ஸின் மாயோனும், யாவாவின் மெராப்பியும் கூம்புகளாயின. இவற்றின் அழகை நம்பக் கூடாது. 1883 ஓகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அதன் ஓசை இலங்கையிலும் கேட்டது. 1980 மே 18 அன்று அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் மலை தன் வடக்குப் பக்கம் சரிந்து, ஒரே காலையில் ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தை இழந்தது. நம் ஊருக்குக் கிழக்கே சுமார் 1,400 கிலோமீற்றர் தொலைவில், அந்தமான் கடலில் உள்ள பரன் தீவும் இந்த அமிழ்வு வரிசையைச் சேர்ந்ததே. நீண்ட காலம் அடங்கியிருந்த அது 1991இல் மீண்டும் வெடித்தது.

பாரம் குறைந்து உருகும் வகை வேறு. தகடுகள் விலகும் இடங்களில் மென்மூடி மேலெழும்புகிறது. மேலேற ஏற அதன் மீதுள்ள அழுத்தம் தளர்ந்து, ஒரு பகுதி உருகி, பசால்ட்டு என்ற கரும்பாறையாக உறையும் குழம்பாகிறது. இதில் சிலிக்கா குறைவு, கஞ்சிபோல் ஓடும். இவ்வகை வெளிப்பாடுகளில் மிகப் பெரும்பான்மை கடலடி மலைத்தொடர்களான நடுச்சமுத்திர முகடுகளில், நம் கண்ணில் படாமல் நடக்கின்றன. ஐஸ்லாந்தில் மட்டும் அந்த முகடு நீருக்கு மேலே தலைகாட்டுகிறது. அங்கே 1783இல் லாக்கி என்ற இடத்தில் மலை எதுவும் வெடிக்கவில்லை. ஏறத்தாழ 27 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் பிளந்து எட்டு மாதங்கள் லாவா ஓடியது. பெருவெடிப்பு இல்லையென்றாலும், வெளிவந்த நச்சு வாயுக்களால் மேய்ச்சல் நிலமும் கால்நடைகளும் அழிந்து, பஞ்சம் வந்து, அந்நாட்டு மக்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். ஆகவே ‘அமைதியான எரிமலை’ என்ற சொல்லை நான் விரும்புவதில்லை.

நீங்கள் கேட்ட ஹவாய் மலைகளும் இத்தகைய ஓடும் பசால்ட்டால் ஆனவை. லாவா வெகுதூரம் பரவிப் பரவி உறைவதால் அவை கேடயம்போல் அகன்றுள்ளன. மௌனா லோவா கடல்மட்டத்திலிருந்து 4,169 மீற்றர் உயர்ந்திருந்தும், அதன் சரிவு கண்ணை உறுத்துவதில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தகட்டெல்லையை வைத்து மலையின் வடிவத்தைக் கணக்குப்போல் சொல்லிவிட முடியாது. தகடு அமிழும் நாடான மெக்சிக்கோவில், 1943 பெப்ரவரியில் ஒரு சோள வயலில் நிலம் பிளந்து பரிக்குட்டின் பிறந்தது. அது வெறும் பொரிகற்கள் குவிந்த கூம்பு; ஒன்பது ஆண்டுகளில் சுமார் 424 மீற்றர் உயர்ந்து, அத்துடன் ஓய்ந்துவிட்டது.

கேள்வி: எங்கள் கடற்கரையின் கறுப்பு மணல் எரிமலைச் சாம்பலா? (வாசகர், புல்மோட்டை)

பதில்: இல்லை. அது இல்மனைற்று என்ற இரும்பு, தைத்தானியக் கனிமம். அதோடு உரூற்றைலும் சேர்க்கோனும் கலந்திருக்கின்றன. உள்நாட்டுப் பழம்பாறைகள் சிதைந்து ஆறுகளின் வழியே கடலுக்கு வந்தபின், இலேசான மணலை அலை அரித்துச் செல்ல, பாரமானவை கரையில் தங்கிவிட்டன. ஒரு காந்தத்தை மணலுக்குள் விட்டுப் பாருங்கள். சில துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஐஸ்லாந்திலும் ஹவாயிலும் காணும் கறுப்பு மணல்தான் நொறுங்கிய லாவா.

கேள்வி: இமயமலையும் தகடுகள் மோதும் இடம்தானே? அங்கே ஏன் எரிமலை இல்லை? (மாணவன், நிலாவெளி)

பதில்: அங்கே மோதுபவை இரு கண்டங்கள். நீரைச் சுமந்து ஆழத்துக்கு அமிழும் கடலடித் தகடு இப்போது அங்கில்லை. புவியோடும் மடிந்து மிகத் தடித்துவிட்டது.

கேள்வி: தகட்டின் நடுவில் இருப்பதால் நமக்கு எரிமலை இல்லை என்கிறீர்கள். ஹவாயும் பசிபிக் தகட்டின் நடுவில்தானே இருக்கிறது? (அதே மாணவன்)

பதில்: நல்ல மடக்கு. ஹவாய்க்கு அடியில், ஆழத்திலிருந்து சூடான மென்மூடிப் பாறை ஓரிடத்தில் தொடர்ந்து மேலெழுகிறது. அந்த இடம் பெரிதும் நிலைத்திருக்க, மேலே தகடு வடமேற்காக நகர்வதால், பழைய எரிமலைகள் ஊற்றிலிருந்து விலகி அணைந்து, ஒரு தீவு வரிசையாகிவிட்டன. 1963இல் கனடிய அறிஞர் துசோ வில்சன் இவ்விளக்கத்தை முன்வைத்தார்.

இத்தகைய சூட்டிடம் ஒன்றின் தடம் நமக்கு மேற்கே, இந்து சமுத்திரத்திலேயே இருக்கிறது. சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அது தக்காணத்தின் லாவாப் பீடபூமியை உண்டாக்கியது. இந்தியா வடக்கே நகர நகர, அதே ஊற்று இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளத்தை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தது. பின்பு மொரீசியசை எழுப்பியது. இப்போது ரியூனியன் தீவின் பித்தோன் த லா பூர்னேஸ் எரிமலையில் அடிக்கடி எரிந்துகொண்டிருக்கிறது. மாலைதீவில் நம் கண்ணில் படுவது வெள்ளைப் பவளமணல் மட்டுமே. அதற்குக் கீழே, வெகு ஆழத்தில், அணைந்த எரிமலைகளின் பசால்ட்டுப் பாறை இருக்கிறது.