ரஜினிகாந்தின் குடும்பப் பெயர்: ‘கெய்க்வாட்’ பற்றிய கேள்வி பதில்

புனேயில் பதினோரு ஆண்டுகள் வங்கி வேலையில் இருந்தவன் நான். மராத்தியை அங்கே கவுன்டரில் நின்றுதான் கற்றேன். பெயர்களைப் பற்றி, குறிப்பாக நம் ரஜினியின் பழைய பெயரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிவாஜி ராவ் கெய்க்வாட் என்பதில் கெய்க்வாட் அவருடைய அப்பா பெயரா, ஊர்ப் பெயரா?

இரண்டும் இல்லை. அது குடும்பப் பெயர். மராத்தியில் ‘ஆட்நாவ்’ என்பார்கள். தன் பெயர் முதலில், தகப்பன் பெயர் நடுவில், ஆட்நாவ் கடைசியில் என்பது அங்குள்ள முறை. சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் என்பதைப் போல. ரஜினியின் தந்தை ராமோஜி ராவ், தாயார் ஜீஜாபாய். ‘ராவ்’ மரியாதைக்காக ஒட்டிக்கொள்வது. மராட்டிய மன்னர் சிவாஜியின் தாயார் பெயரும் ஜீஜாபாய்தான். பெங்களூரில் ஒரு சாதாரணக் காவலர் வீட்டிலும் ஒரு ஜீஜாபாய்க்கு ஒரு சிவாஜி பிறந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: அந்தப் பெயருக்குப் பொருள் உண்டா?

குஜராத்தில் பரோடாவை ஆண்ட கெய்க்வாட் அரச குடும்பத்தில் ஒரு கதை வழங்குகிறது. அவர்களுடைய முன்னோர் ஒருவர் கோட்டைக் காவலில் இருந்தபோது, வெட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட பசுக்களைக் கோட்டையின் சிறு கதவு வழியாக உள்ளே விட்டுக் காப்பாற்றினாராம். காய் என்றால் பசு, கவாட் என்றால் கதவு. கதை என்றே இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பங்கள் தங்கள் பெயருக்கு எந்தக் கதையைப் பாதுகாத்து வைக்கின்றன என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ரஜினி பரோடா ராஜ வம்சமா? எங்கள் வீட்டில் இதைச் சொல்லி ஒரே வாக்குவாதம்.

பெயர் ஒன்று என்பதை மட்டும் வைத்து வம்சம் சொல்ல முடியாது. பரோடாவை ஆண்டவர்களும் கெய்க்வாட்டுகள்தான். நம் பழைய புத்தகங்களில் ‘கெய்க்வார்’ என்று இருக்கும். அவர்களில் மூன்றாம் சயாஜிராவ் 1875 முதல் 1939 வரை ஆண்டவர். 1913இல் அம்பேத்கர் அமெரிக்கா சென்று படிக்க உதவித்தொகை கொடுத்தவர் அவர்தான். அதே அம்பேத்கருடன் நின்று 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் தாதாசாகேப் கெய்க்வாட். அவர் பிறந்தது தீண்டாமையை அனுபவித்த மகர் சமூகத்தில். அரண்மனையிலும் கெய்க்வாட், கோயில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிலும் கெய்க்வாட். ஆகவே இந்தப் பெயரைக் கேட்டதும் சாதி சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எங்கள் கிளையில் டோக்கன் முறை வருவதற்கு முன்பு பாஸ்புக்குகளை அடுக்கி வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் “கெய்க்வாட்!” என்று கூப்பிட்டேன். பெஞ்சிலிருந்து நான்கு பேர் எழுந்தார்கள்: வேட்டியும் காந்தி தொப்பியுமாக ஒரு பெரியவர், கல்லூரிப் பெண் ஒருத்தி, யூனிபார்முடன் ஒரு கம்பவுண்டர், கைக்குழந்தையோடு ஓர் அம்மா. ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை.

கேள்வி: கிரிக்கெட் வீரர் ருதுராஜ் கெய்க்வாட் ரஜினிக்குச் சொந்தமா?

இல்லை. அவர் புனேக்காரர். ருதுராஜுக்கு முன்பே டி. கே. கெய்க்வாட் 1959 இங்கிலாந்துப் பயணத்தில் இந்திய அணித் தலைவராக இருந்திருக்கிறார். அவருடைய மகன் அன்ஷுமன் கெய்க்வாடும் இந்தியாவுக்கு ஆடியவர். இந்தத் தந்தையும் மகனும் பரோடாக்காரர்கள்.

கேள்வி: எழுத்து ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

மாறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். மராத்தியில் எல்லோருக்கும் ஒரே எழுத்து. அவர்கள் சொல்வது ‘காய்க்வாட்’ என்பதற்கு நெருக்கமாக இருக்கும். தமிழில் கெய்க்வாட் என்றே நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: சொந்தப் பெயரை ஏன் விட்டார்? மராத்தியர் என்பதை மறைக்கவா?

இந்தக் கேள்வியில் இருக்கும் சந்தேகம் எனக்கு வருத்தம் தருகிறது. பெயரை மாற்றியவர் இயக்குநர் கே. பாலசந்தர். திரையில் ஏற்கெனவே ஒரு சிவாஜி இருந்தார். வி. சி. கணேசன், மன்னர் சிவாஜியாக நாடகத்தில் நடித்ததைப் பார்த்த பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைக்க, அந்த வேடத்தின் பெயரே அவருக்கு நிலைத்தது. பிறப்பிலேயே சிவாஜியாக இருந்தவருக்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று. பாலசந்தர் தம் ‘மேஜர் சந்திரகாந்த்’ கதையின் பாத்திரம் ஒன்றிலிருந்து ரஜினிகாந்த் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். ஆக இருவருமே பாத்திரத்தின் பெயரைச் சுமந்தவர்கள். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ வெளிவந்தது. 2007இல் ‘சிவாஜி’ என்ற தலைப்பிலேயே அவர் நடித்தபோது, பழைய பெயர் சுவரொட்டிகளில் திரும்பி வந்தது.

கேள்வி: மகள்கள் கெய்க்வாட் என்று போடுவதில்லையே?

ஐஸ்வர்யா ரஜினிகாந்த், சௌந்தர்யா ரஜினிகாந்த் என்றுதான் அறியப்படுகிறார்கள். நம் வழக்கப்படி தகப்பன் பெயர். ஒரு நாடகப் பாத்திரத்துக்கு வைத்த பெயர் ஒரு தலைமுறைக்குள் குடும்பப் பெயரின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: நாங்கள் தஞ்சாவூர் மராத்தியர். எங்கள் தாத்தா பெயரிலும் கெய்க்வாட் உண்டு. ரஜினி குடும்பத்தோடு தொடர்பு இருக்குமா அம்மா கேட்கச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம். ஆட்நாவை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். குலதெய்வம் எது, திருமணத்தில் எந்தத் ‘தேவக்’ வைக்கிறீர்கள், மூதாதையர் ஊர் எது என்ற மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். தேவக் என்பது பெரும்பாலும் ஒரு மரமோ இலையோ, குலத்தின் அடையாளம். ரஜினி குடும்பத்தின் பூர்விகம் புனே மாவட்டத்தில் ஜெஜுரிக்குப் பக்கத்திலுள்ள மாவடி கடேபதார். உங்கள் தாத்தா வழி ஊர் அந்தப் பக்கம் என்று தெரியவந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம்.

கேள்வி: மகனைப் புனேயில் பள்ளியில் சேர்க்கிறோம். விண்ணப்பத்தில் ஆட்நாவ் கட்டாயம் என்கிறார்கள். நமக்கு ஏது?

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் உங்கள் பெயரை முழுதாகப் போடுங்கள். இனிஷியல் மட்டும் வேண்டாம், பிறகு ஒவ்வோர் இடத்திலும் விரித்துச் சொல்ல வேண்டிவரும். நான் என் அப்பாவின் பெயரைத்தான் போட்டேன். ஆறுமுகம். பதினோரு ஆண்டுகள் அந்த ஊரில் எல்லோரும் என்னை “ஆறுமுகம் சாஹேப்” என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா ஒருமுறை கிளைக்கு வந்திருந்தபோது பியூன் அப்படிக் கூப்பிட, இருவரும் ஒன்றாகத் திரும்பினோம்.